கொலைகாரப் பொம்மைப் படங்கள் பார்ட் 4-க்கு மேல் காமெடி ஆனது சரியா? (சக்கி, மேகன்)

இரவுக்காட்சி:

கொலைகார ரோபோ பொம்மை மேகனின் இரண்டாவது படம் 'மேகன் 2.0' ஓடவில்லை என்றானதும் "பேய்ப்படத்தில் காமெடியைக் கலந்தால் இப்படித்தான்" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. இங்கேயே இரண்டு மூன்று பேர் அப்படி எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பொம்மை கொலை செய்கிற கதை சில படங்களைத் தாண்டினால் காமெடிப் பக்கம்தான் போயாக வேண்டும் என்பது என் கட்சி. பொம்மையிடம் நமக்கு இருக்கும் பயம் ஒரே ஒரு சந்தேகத்தில் நிற்கிறது: இதற்கு உயிர் இருக்கிறதா, இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓவரால்ஸ் போட்ட குட்டி பிளாஸ்டிக் உருவமும் அதன் வாயும்தான்.

சக்கி என்ற கொலைகாரப் பொம்மை வரும் முதல் படம் 1988-ல் வந்த 'சைல்ட்ஸ் ப்ளே'. டாம் ஹாலண்ட் இயக்கம், கதை டான் மான்சினி. அதில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி ஒன்று உண்டு. மகன் சொன்னதை நம்பாத அம்மா, பொம்மை வந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுக்கிறாள். உள்ளிருந்து பேட்டரிகள் கீழே விழுகின்றன. அதுவரை அந்தப் பொம்மை பேசியிருக்கிறது, கண் சிமிட்டியிருக்கிறது, தலையைத் திருப்பியிருக்கிறது. அவள் மெதுவாகப் போய் அதைத் தூக்கி, குப்புறத் திருப்பி, முதுகில் இருக்கும் மூடியைத் திறக்கிறாள். காலி. அந்த நொடியில் அதன் தலை முழுதாகப் பின்பக்கம் சுழன்று, கடையில் பழக்கிவைத்த அதே குரலில் விளையாட வருகிறாயா என்று கேட்கிறது. இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கை சில்லிடுகிறது.

ஆனால் இதை எத்தனை முறை செய்ய முடியும்? 1990-ல் பார்ட் 2, 1991-ல் பார்ட் 3. இரண்டிலும் பார்வையாளருக்கு எல்லாம் தெரியும், படத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது. மூன்றாவது படத்தில் ராணுவப் பள்ளிக்குக் கதையைக் கொண்டுபோயும் களைப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. அதன்பின் ஏழு வருடம் சக்கி இல்லை. 1998-ல் 'ப்ரைட் ஆஃப் சக்கி' வந்தபோது வேறு உயிரோடு வந்தது. என்னைக் கேட்டால் இந்த வரிசையின் சிறந்த படம் அதுதான். மற்றவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புவெள்ளை:

நண்பரே, நீங்கள் சொன்ன பேட்டரிக் காட்சியே என் வாதத்துக்குப் போதும். அதை எடுக்கத் தெரிந்தவர்கள் கையில் இருந்த பொம்மையை வைத்துப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

முதல் படத்தில் பாதி நேரம் சக்கியை நாம் முழுதாகப் பார்ப்பதே இல்லை. பையனைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் சமையலறையில் சுத்தியலால் அடிபட்டு, பின்னாலேயே போய் ஜன்னல் வழியாகக் கீழே விழுகிறாள். அடித்தது யார் என்று படம் காட்டாது. கேமரா தரையோடு தரையாக ஓடும், சின்னக் காலடிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சிகாகோ குளிர், வேலைக்கு ஓடும் தனித்தாய், பிறந்தநாளுக்கு அந்தப் பொம்மைதான் வேண்டும் என்று ஏங்கும் ஆறு வயதுப் பையன். கடையில் வாங்கப் பணமில்லாமல் தெருவில் விற்பவனிடம் வாங்குகிறாள். மான்சினி இதை எழுத ஆரம்பித்ததே குழந்தைகளைக் குறிவைத்து நடக்கும் விளம்பர வியாபாரத்தைச் சாடத்தான். எண்பதுகளில் அமெரிக்கக் கடைகளில் கேபேஜ் பேட்ச் பொம்மைக்காகப் பெற்றோர் அடித்துக்கொண்ட காலம் அது. அந்தக் கோபம் முதல் படத்தில் இருக்கிறது. இரண்டாவது படத்தின் க்ளைமாக்ஸை பொம்மைத் தொழிற்சாலைக்குள்ளேயே வைத்தார்கள், அங்கேயும் கொஞ்சம் இருக்கிறது.

'ப்ரைட்'டில் என்ன இருக்கிறது? தேனிலவு அறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்கு மேலே கூரையில் கண்ணாடி. சக்கியைப் போலவே பொம்மையாகிவிட்ட அவன் காதலி டிஃபனி ஷாம்பெயின் பாட்டிலை எறிகிறாள், கண்ணாடி நொறுங்கிக் கீழே படுத்திருக்கும் ஜோடியின் மேல் விழுகிறது. அதைப் பார்த்து சக்கிக்குக் காதல் பொங்கி, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். இரண்டு பேர் செத்தது பொம்மைகளின் காதலுக்குப் பின்னணி அலங்காரம் ஆகிவிட்டது. சாகிறவர்களைப் பற்றிக் கவலையே இல்லாத படத்தில் எனக்குப் பயமும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை.

பட்டறைவாசி:

நான் சினிமாவுக்கு ப்ராஸ்தெடிக் மேக்கப், சிலிக்கான் முகமூடி செய்யும் பட்டறையில் இருக்கிறேன். அதனால் இந்தப் படங்களைக் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்ப்பேன்.

சக்கி நடிப்பது ஒரு ஆள் வேலை இல்லை. சக்கிக்குக் குரல் கொடுக்கும் பிராட் டூரிஃப் முதலில் வசனத்தைப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிடுவார். படப்பிடிப்பில் அந்த ஒலியை ஓடவிட்டு, பொம்மைக்காரர்கள் அதற்கேற்ப இயக்குவார்கள். வாய் ஒருவர் கையில், கண்ணும் புருவமும் இன்னொருவர் கையில், தலை வேறொருவர், கைகளுக்குத் தனி ஆட்கள். முதல் படத்தில் கெவின் யாகர் குழு செய்தது. ஓடுவது, குதிப்பது போன்ற சில இடங்களில் எட் கேல் என்ற குள்ளமான நடிகர் வேடம் போட்டு நடித்தார். அவர் பொம்மை அளவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் காட்சிகளின் செட்டையும் சாமான்களையும் பெரிதாகச் செய்தார்கள்.

இத்தனை கைகள் சேர்ந்து ஒரு முகத்தை இயக்கும்போது, ஒவ்வொரு அசைவும் நிஜ மனிதனைவிட ஒரு இம்மி தாமதமாக விழும். புருவம் ஏறும், பிறகு உதடு சுழிக்கும், பிறகுதான் தலை திரும்பும். காமெடி நடிகர்கள் வருடக்கணக்கில் பழகிக் கொண்டுவரும் டைமிங் அது. பொம்மைக்கு அது தானாகவே அமைந்துவிடுகிறது. முதல் படத்தில் இதை மறைக்க வேண்டியிருந்தது, அதனால்தான் கறுப்புவெள்ளை சொல்லும் அந்தத் தரையோடு ஓடும் கேமரா. 'ப்ரைட்'டில் மறைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வேனுக்குள் டிஃபனி குக்கீஸ் சுட்டு வைத்துவிட்டு, பாத்திரம் யார் கழுவுவது என்று சக்கியோடு சண்டை போடும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பொம்மை முகங்களையும் நேருக்கு நேர் க்ளோஸப்பில் வைத்திருப்பார்கள். அவள் முகத்தில் அவமானம் தெரியும். ரப்பர் தோலில் அவமானத்தைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, அந்தப் படத்தின் இயக்குநர் ரானி யூ ஹாங்காங்கிலிருந்து வந்தவர். ஒளிப்பதிவு பீட்டர் பாவ், பின்னாளில் 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். மட்டமான படம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு முறை அதன் ஒளியமைப்பை மட்டுமாவது கவனியுங்கள்.

வடக்குவாசல்:

நம்ம ஊரிலும் 1991-ல் 'வா அருகில் வா' வந்ததே. கொலையான பெண்ணின் ஆவி பொம்மைக்குள் புகுந்து பழிவாங்கும். இந்தியில் 1996-ல் 'பாப்பி குடியா' என்று சக்கி கதையையே எடுத்தார்கள். அதெல்லாம் ஏன் காமெடி வரிசையாக வளரவில்லை?

இரவுக்காட்சி:

வடக்குவாசல், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். 'வா அருகில் வா'வில் பொம்மைக்குள் இருப்பவளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அநியாயமாகச் செத்தவள் அவள். அவள் கொல்லும்போது நமக்குப் பதைபதைப்போடு ஒரு நிறைவும் வருகிறது. அப்படிப்பட்டவளைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனசு வராது, பழி தீர்ந்ததும் கதையும் முடிந்துவிடும்.

சக்கிக்கு நியாயமே கிடையாது. சார்ல்ஸ் லீ ரே என்ற கொலைகாரன், போலீஸ் துரத்தும்போது பொம்மைக் கடைக்குள் புகுந்து, வூடூ மந்திரம் சொல்லி உயிரைப் பொம்மைக்கு மாற்றிக்கொண்டவன். ஊரே நடுங்கிய ஒருவன், சிவப்புத் தலைமுடியும் கோடுபோட்ட சட்டையுமாக, குழந்தைகள் மடியில் உட்கார வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டான். அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன? அவன் மேல் நமக்கு இரக்கம் வைக்க வேண்டிய கடமை இல்லை. அதனால் மனம்விட்டுச் சிரிக்கலாம்.

கறுப்புவெள்ளை சொன்ன கண்ணாடிக் காட்சிக்கு வருகிறேன். அந்த ஜோடி அப்பாவிகள் இல்லை, கதாநாயகன் நாயகியிடமே கைவரிசை காட்டிய திருடர்கள். ஆனாலும் உங்கள் கேள்வி அதைவிட ஆழமானது என்று ஒத்துக்கொள்கிறேன்: மரணத்தின் கனம் எங்கே போனது? 'ப்ரைட்'டில் அந்தக் கனம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். டிஃபனி (ஜெனிஃபர் டில்லி) பத்து வருடமாக ஒரு மோதிரத்தை வைத்துக்கொண்டு, செத்துப்போன காதலன் தனக்காக வாங்கிய நிச்சய மோதிரம் என்று நம்பி வாழ்கிறாள். போலீஸ்காரனுக்குப் பணம் கொடுத்துச் சிதைந்த பொம்மையைத் திருடி, உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் தைத்து உயிர்ப்பிக்கிறாள். அவனிடம் மோதிரத்தைப் பற்றிக் கேட்டால், கொலை செய்த இடத்தில் எடுத்தது, விற்றால் நல்ல விலை போகும் என்கிறான். கல்யாணம் செய்யப்போவதாக நினைத்தாயா என்று சிரிக்கிறான். தியேட்டரில் எல்லோரும் சிரிக்கும் இடம் அது. ஆனால் டில்லியின் முகத்தைப் பாருங்கள். நிஜமாக மனம் உடைந்த பெண்ணாகத்தான் நடித்திருக்கிறார். எதிரே இருப்பது பொம்மை என்று ஒரு இடத்தில்கூட அவர் காட்டிக்கொடுப்பதில்லை.

இந்தப் படங்கள் எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். எவ்வளவு அபத்தமான நிலைமையானாலும் நடிப்பவர்கள் முழு மனதோடு நடிக்கிறார்கள். பிராட் டூரிஃப் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்'டில் திக்கித்திக்கிப் பேசும் இளைஞனாக ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். டில்லியும் 'புல்லட்ஸ் ஓவர் பிராட்வே'க்காகப் பரிந்துரை பெற்றவர். அந்த அளவு திறமையை அப்படியே பொம்மைக்குக் கொடுக்கிறார்கள்.

தேன்சிட்டு:

'சீட் ஆஃப் சக்கி'யைப் பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். 2004. மான்சினி முதன்முதலாக இயக்கிய படம். பழைய ரசிகர்கள் பலருக்கு ஆகாது. எனக்கு உயிர்.

சக்கிக்கும் டிஃபனிக்கும் பிறந்த குழந்தை, அதுவும் பொம்மைதான். அது ஆணா பெண்ணா என்று பெற்றோருக்குள் சண்டை. அப்பா க்ளென் என்று கூப்பிடுகிறான், அம்மா க்ளெண்டா என்கிறாள். எட் வுட் 1953-ல் எடுத்த 'க்ளென் ஆர் க்ளெண்டா' படத்தின் பெயரிலிருந்து பிறந்த பெயர்கள் அவை. அந்தக் குழந்தை தனக்கு இரண்டாகவும் இருக்கத் தோன்றுகிறது என்று சொல்லும் இடம் வருகிறது. 2004-ல் பெரிய ஸ்டுடியோ படங்கள் தொடத் தயங்கிய விஷயத்தை, ரத்தம் தெறிக்கும் ஒரு பொம்மைப் படம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனது. மான்சினி வெளிப்படையாகத் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்பவர். எனக்கு அந்தப் படம் கிடைத்த வயதில், வேறு எந்தப் படத்திலும் எனக்கான ஆள் இல்லை. அந்தக் குழந்தையின் குழப்பத்தை யாரும் கேலிப்பொருள் ஆக்கவில்லை. கேலி முழுக்க, தான் நினைத்ததுபோல்தான் பிள்ளை இருக்க வேண்டும் என்று குதிக்கும் பெற்றோர் மேல்தான்.

அப்புறம், குழந்தைக்காகக் கொலைத் தொழிலை விட்டுவிடலாம் என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள். டிஃபனி உண்மையிலேயே முயற்சி செய்வாள். குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படி முறையை எடுத்துக்கொண்டு, தான் கொன்ற ஒருவனின் மனைவிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்பாள். விழுந்து விழுந்து சிரித்தேன், ஆனால் திருந்த நினைக்கும் மனசு அதில் நிஜமாகவே இருக்கிறது.

முக்கியமான விஷயம் கடைசியில்தான். முதல் படத்திலிருந்து சக்கியின் ஒரே குறிக்கோள் அந்தப் பொம்மை உடம்பிலிருந்து வெளியேறுவது. அதற்காகத்தான் முதல் படத்துப் பையன் ஆண்டியைத் துரத்தினான், அதற்காகத்தான் 'ப்ரைட்'டில் தாயத்தைத் தேடிக் கல்லறைக்குப் போனான். 'சீட்'டில் மனித உடம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். மனிதனாக இருப்பதில் என்ன இருக்கிறது, நோய் வரும், கிழடு தட்டும். பொம்மையாக இருந்தால்தான் நான் சக்கி என்கிறான். பயமுறுத்தும் பொம்மை காமெடிப் பொம்மையாக மாறிய நிமிடம் எனக்கு அதுதான். வெளியேறத் துடித்தவன், இதுவே என் உடம்பு என்று ஏற்றுக்கொள்கிறான். க்ளெனுடைய கதையும் அதுவேதான் அல்லவா?

கறுப்புவெள்ளை:

தேன்சிட்டு, நீங்கள் எழுதியதைப் படித்தபின் அந்தக் குழந்தையின் பகுதியை மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் படத்தின் மற்ற பாதி எனக்குச் சரிப்பட்டு வராது. ஜெனிஃபர் டில்லி ஜெனிஃபர் டில்லியாகவே வருகிறார், இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் புகைப்படக்காரராக வருகிறார், பொம்மை செய்த டோனி கார்ட்னரே வந்து பொம்மை கையால் சாகிறார். ஹாலிவுட்காரர்கள் ஹாலிவுட்காரர்களுக்காக அடிக்கும் ஜோக் எத்தனை நேரம் தாங்கும்?

இரவுக்காட்சி சொன்ன அடிப்படை வாதத்துக்கே ஒரு எதிர்ச்சாட்சி இருக்கிறது. பயம் ஒருமுறைதான் வரும் என்றால் 2013-ல் வந்த 'கர்ஸ் ஆஃப் சக்கி' எப்படி வேலை செய்தது? நேராக வீடியோவுக்கு வந்த சின்னப் படம். ஒரு பழைய வீடு, மழை, சக்கர நாற்காலியில் இருக்கும் நிகா, தபாலில் வரும் பொம்மை. டூரிஃபின் மகள் ஃபியோனா டூரிஃப்தான் நிகா. காமெடியைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு மறுபடி பயமுறுத்தினார்கள், முடிந்ததே! அப்படியென்றால் நடுவில் பத்து வருடத்துக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தது அவர்களாகத் தேர்ந்தெடுத்த வழி. பொம்மையின் தலையெழுத்து ஒன்றும் இல்லை.

இரவுக்காட்சி:

'கர்ஸ்' நல்ல படம், அதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் அது எதை வைத்துப் பயமுறுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். படம் ஆரம்பிக்கும்போது சக்கியின் முகம் வழவழவென்று புதுப் பொம்மைபோல் இருக்கிறது. பழைய கதையெல்லாம் மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு பரணில் நிகாவின் அக்கா அந்த முகத்தை உற்றுப் பார்த்து, தாடைப் பக்கம் உரிந்திருக்கும் தோலைக் கிள்ளி இழுக்கிறாள். மேல்பூச்சு வந்துவிடுகிறது. அடியில் தையல் போட்ட தழும்புகள்.

அந்தத் தழும்புகள் எங்கிருந்து வந்தவை? 'ப்ரைட்'டில் டிஃபனி ஊசி நூல் எடுத்துத் தைத்தது! நாம் சிரித்த படத்தின் தழும்பு இந்தப் படத்தில் பயமாகத் திரும்பி வருகிறது. காமெடிப் படங்கள் இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்கு அர்த்தமே இருக்காது. கடைசியில் டிஃபனியும் வருகிறாள், பெயர்ப் பட்டியலுக்குப் பிறகு வளர்ந்த ஆண்டியாக அதே அலெக்ஸ் வின்சென்ட் துப்பாக்கியோடு காத்திருக்கிறார். சிறுவனாக நடித்தவரே 25 வருடம் கழித்து வந்து நிற்கிறார். இந்த வரிசையில் வந்த ஏழு படங்களையும் எழுதியதில் மான்சினியின் கை இருக்கிறது. நடந்தது எதையும் அவர் அழிப்பதில்லை. ஒவ்வொருவராகக் கொன்று குவிக்கும் மற்ற ஸ்லாஷர் பட வரிசைகளில் மூன்று படத்துக்கு ஒருமுறை பழசை ரப்பர் போட்டு அழித்துவிடுகிறார்கள். மான்சினி இல்லாமல் 2019-ல் எடுத்த ரீமேக்கைப் பாருங்கள்: மார்க் ஹாமில் குரல், நல்ல தொழில்நுட்பம், ஆனால் உள்ளே ஆவி இல்லாத ஒரு கோளாறான இயந்திரம். எனக்கு ஒட்டவே இல்லை.

பின்வரிசை:

சக்கி தவிர வேறு ஒன்றும் இல்லையா? 1989-ல் சார்ல்ஸ் பேண்ட் தயாரித்த 'பப்பட் மாஸ்டர்' பாருங்கள். அந்தப் பொம்மைகள் பேசவே பேசாது. மூன்றாவது படத்தில் கதை 1941 பெர்லினுக்குப் போய், பொம்மைகள் நாஜிகளை வேட்டையாடும். முதல் படத்தில் பயந்த அதே பொம்மைகளுக்கு அங்கே கைதட்டத் தோன்றும். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடித்து, டேவிட் ஆலன் செய்த ஸ்டாப் மோஷன் வேலைக்காகவே பார்க்கலாம்.

பட்டறைவாசி:

இழை ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன். 'மேகன்' முதல் படம் 1.2 கோடி டாலரில் எடுத்து 18 கோடி டாலர் வசூலித்தது. 2025-ல் வந்த இரண்டாவது 4 கோடியைக்கூட எட்டவில்லை. காமெடிதான் கெடுத்தது என்று சொல்வது தவறு, முதல் படமே காமெடிதானே! நடைபாதையில் அந்த டான்ஸ் ஆடிவிட்டு, பேப்பர் வெட்டும் கத்தியைக் கழற்றிக் கையில் எடுக்கும் காட்சிக்குத்தான் உலகமே டிக்கெட் எடுத்தது. முகமூடிக்குள் இருந்து ஆடியது ஏமி டொனால்ட் என்ற சிறுமி, குரல் ஜென்னா டேவிஸ், க்ளோஸப்புக்கு இயந்திரப் பொம்மை. ஆடுகிறாள், சிரிக்கிறோம், ஆனால் அந்த நடைபாதையின் கோடியில் நிற்பவன் சாகப்போகிறான் என்பதும் நிஜம். இரண்டும் ஒரே ஷாட்டில்.

இரண்டாவது படத்தில் மேகனைக் கதாநாயகியாக்கி, அமீலியா என்ற ராணுவ ரோபோவோடு மோதவிட்டார்கள். சண்டை, துரத்தல், உலகத்தைக் காப்பாற்றும் வேலை. காமெடி இருக்கிறது, பயம் மொத்தமாகப் போய்விட்டது. யாரையும் கொல்ல மாட்டாள் என்று தெரிந்த பொம்மை ஆடினால் அது வெறும் டான்ஸ். சக்கி எவ்வளவு காமெடி செய்தாலும் அடுத்த நிமிடம் கத்தியை எடுப்பான் என்பது நமக்குத் தெரியும். கறுப்புவெள்ளை கேட்ட மரணத்தின் கனம், நல்ல பொம்மைக் காமெடியில் இப்படித்தான் உள்ளே இருக்கிறது.

கறுப்புவெள்ளை:

மேகன் விஷயத்தில் முழுதாக ஒத்துப்போகிறேன். 'ப்ரைட்'டில் அந்தக் கனம் எனக்குத் தட்டுப்படவில்லை என்பதிலும் உறுதியாக இருக்கிறேன்.

புதுவரவு:

இவ்வளவு நேரம் படித்ததில் ஆசை வந்துவிட்டது. எந்த வரிசையில் பார்க்கலாம்? என் பெண்ணுக்குப் பதிமூன்று வயது, சேர்ந்து பார்க்கலாமா?

தேன்சிட்டு:

நீங்கள் மட்டும் என்றால் முதல் படம், பிறகு நேராக 'ப்ரைட்', 'சீட்', 'கர்ஸ்', 'கல்ட்' (2017). பார்ட் 2, 3 நேரம் இருந்தால். அதன்பின் 2021 முதல் 2024 வரை மூன்று சீசன் வந்த டிவி தொடர். தொடரில் ஒரு இடத்தில், தன்பாலீர்ப்பு உள்ள சிறுவன் ஜேக்கிடம் சக்கி தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவான். அதில் உங்களுக்குப் பிரச்சினை இல்லையா என்று பையன் கேட்டால், நான் ஒன்றும் ராட்சசன் இல்லையே என்பான். 'சீட்' பார்த்துவிட்டு அதைப் பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். நான்காவது சீசன் இல்லை என்று அறிவித்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பெண்ணோடு பார்க்க சக்கி வேண்டாம். ரத்தம், கெட்ட வார்த்தை, படுக்கையறை எல்லாம் உண்டு. 'மேகன்' முதல் படத்துக்கு அமெரிக்காவில் பதிமூன்று வயதுச் சான்றிதழ்தான், அதிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே குழந்தையின் அப்பா அம்மா இறந்துபோகும் விபத்து வருகிறது. கொலைகளைவிட அது சில பிள்ளைகளை அதிகம் பாதிக்கும்.